பெற்றவளின் நாற்பத்திரண்டு நாள்

ஹுன்னஸ்கிரியவில் ஒரு கர்ப்பத்தை மறைப்பது லேசான காரியமில்லை. கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் தெல்தெனியவைத் தாண்டி ஏறி வந்தால் எங்கள் சந்தி. லூல்வத்தை, மீமுரே பக்கம் போகிற ஒடுங்கிய பாதை அங்கேதான் பிரிகிறது. சுற்றிலும் தேயிலை, அதற்கு மேலே நக்கிள்ஸ் மலைக்காடு. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் கேட்கும். ஒருத்தி காலைத் தேத்தண்ணியை வேண்டாம் என்று தள்ளிவிட்டால், அவள் பிரட்டுக்களத்துக்கு வந்து சேருமுன் செய்தி அங்கே இருக்கும்.

அந்தச் செய்தி கடைசியில் வந்து சேருகிற இடம் நான். அரசாங்கக் கடதாசியில் எனக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். இளம் பெண்களுக்கு மிஸ், பழைய ஆட்களுக்கு இன்னமும் மருத்துவிச்சி. என் பிரிவில் பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் எச் 526 பதிவேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போனால் எட்டு வாரத்துக்குள் எச் 512 கர்ப்ப அட்டை போடவேண்டும். பிறகு கிளினிக், இரத்தப் பரிசோதனை, இரும்புக் குளிசை, திரிபோஷப் பை. வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் என் நடை தொடங்கும். முதல் பத்து நாளில் இரண்டு தடவை, மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாளையொட்டி இன்னொரு தடவை. பேறுகாலம் என்று நாங்கள் கணக்கிடுவது அந்த ஆறு வாரத்தை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதும், தையல் ஆறுவதும், ஏறிய பிரசர் இறங்குவதும், மனம் தெளிவதோ கலங்குவதோ தெரியவருவதும் அதற்குள்தான்.

இவ்வளவு கண்ணிருந்தும் இந்தக் காவலில் ஒரு ஓட்டை உண்டு. ‘கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறேன் மிஸ்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்தில் ‘தற்காலிகமாக ஊரில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டியதுதான். வாடகைத் தாய்க்கு ஆள் பிடிப்பவர்கள் அந்த ஓட்டையை நன்றாக அறிந்தவர்கள்.

காசைக் காட்டி உடம்புக்குச் சம்மதம் வாங்குவது தோட்டத்துக்குப் புதிதில்லை. எனக்குத் தொழில் பழக்கிய மூத்த மருத்துவிச்சி எண்பதுகளின் எல்.ஆர்.டி. கருத்தடைக் கதையைச் சொல்லுவார். 1980-ல் அரசாங்கம் கருத்தடை ஆபரேஷனுக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது. அது 500 ரூபாய் வரை போனது. கொழுந்துக்காரிக்கு அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. லொறியில் ஏற்றி, ஆபரேஷன் முடித்து, சாயங்காலமே இறக்கிவிடுவார்களாம். ‘சம்மதம் எழுதி வாங்கினோமா என்று கேட்டால், வாங்கினோம்’ என்பார் அவர். ‘மாத முடிவில் கடைக்காரனுக்குக் கடன் நிற்கும்போது வாங்கின கையெழுத்து. வேண்டாம் என்று சொல்ல முடிந்தவள் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணவில்லை.’ கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு ஞாபகம் வரும்.

அதே காலத்தில்தான் பிள்ளை வியாபாரமும் நடந்தது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப்போன பிள்ளைகள் சுமார் 11,000 என்கிறார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 4,000. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் அடைத்து வைத்திருந்த ‘குழந்தைப் பண்ணைகள்’ அம்பலமானதும் 1987-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பு நிறுத்திவைக்கப்பட்டது, 1992-ல் சட்டம் இறுக்கப்பட்டது. 2017-ல் நெதர்லாந்தின் ஸெம்பளா தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைத் தோண்டி எடுத்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன பண்ணைகள் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொருத்தியைத் தாயாக நிறுத்திக் கையெழுத்து வாங்கிய கதைகளும் அப்போதுதான் வெளியே வந்தன. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து எல்லா வெளிநாட்டுத் தத்தெடுப்புகளையும் நிறுத்திவைத்தது.

அப்படிப் போன பிள்ளைகளில் ஒருத்தி, நாற்பதை நெருங்கும் பெண், மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு எங்கள் கிளினிக் வாசலுக்கு வந்தாள். கையில் பிறப்புச் சான்றிதழ். அதில் எழுதியிருந்த தோட்டத்தில், அதில் இருந்த தாயின் பெயரில் யாரும் இருந்ததே இல்லை. பெயரே பொய்யாக இருந்தால் பதிவேட்டில் தேடி என்ன பிரயோசனம்? அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். எங்களால் வேறு எதுவும் கொடுக்க முடியவில்லை.

இந்தப் பழைய வியாபாரத்துக்கு எதிராக எழுதிய சட்டம் ஒன்று, வாடகைத் தாய் விவகாரத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 1995-ல் தண்டனைச் சட்டக்கோவையில் 360சி பிரிவைச் சேர்த்தார்கள். பிறக்காத பிள்ளையைத் தத்துக்கொடுக்க இணங்குகிறேன் என்று கர்ப்பிணியிடம் காசுக்குச் சத்தியக்கடதாசி வாங்குவது, பிள்ளை பெறுவதற்காகப் பெண்களையோ தம்பதிகளையோ ஆள்சேர்ப்பது, பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவது, தாயாக ஆள்மாறாட்டம் செய்வது, எல்லாம் அந்தப் பிரிவில் குற்றமாக எழுதப்பட்டிருந்தன. 2006-ல் அப்பிரிவை மாற்றி எழுதினார்கள். காசுக்கு மனிதரை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பது அதில் நிற்கிறது. ஆனால் ஒருத்தியின் கருவை இன்னொருத்தியின் வயிற்றில் வைக்கும் வைத்தியத்தை நினைத்து இந்நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

2022-ல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. கோதுமை மா விலை ஏறியதில் லயத்து ரொட்டி மெலிந்தது. அதற்கு முந்தைய வருடம் போராடிப் பெற்ற 1,000 ரூபாய் நாட்சம்பளம் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்துபோனது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற சப் ஏஜென்ட்மார் வழக்கத்தைவிட அதிகமாகச் சந்தியில் நின்றார்கள். மத்திய கிழக்குக்குப் போக விருப்பமில்லாத பெண்களிடம் அவர்களில் சிலர் வேறொரு வேலையைப் பற்றிப் பேசினார்கள்.

அப்படிப் போய்வந்தவள் ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கல்யாணமானவள், ஒரு பிள்ளை. கொழும்புக்கு வேலைக்குப் போனதாகத்தான் என் பதிவேடு சொன்னது. ஒரு நாள் அவளுடைய மாமியார் கிளினிக்குக்கு வந்து, ‘மருமகளுக்குக் காய்ச்சல். மார் கல்லு மாதிரி இருக்குங்கறா. நீங்க கொஞ்சம் வந்து பாருங்க மிஸ்’ என்றார். இஸ்தோப்பில் ஆட்கள் நின்றதால் குசினிப் பக்கமாகப் போனேன். படுத்திருந்தாள். சட்டை பால் ஊறி நனைந்திருந்தது. அடிவயிற்றில் சீசர் தையல், ஒரு ஓரம் சிவந்திருந்தது. பிரசர் எனக்குப் பிடிக்காத அளவில் நின்றது. கால் வீங்கியிருந்தது. பிள்ளை இல்லை.

‘பெத்து எத்தன நாளு தங்கச்சி?’ என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. அழாமல் கணக்குச் சொன்னாள். இரண்டாவது வாரம்.

தெல்தெனிய வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றதும்தான் பயந்தாள். அங்கே என்ன சொல்வது? பிள்ளை பெற்ற அட்டை எங்கே என்று கேட்டால்? துண்டு துண்டாகத்தான் கதை வந்தது. கருவை வைப்பதற்கு முன்பு ஊசியும் மாத்திரையும். ‘ரெண்டு வச்சாங்க மிஸ், ஒண்ணுதான் நின்னுச்சு.’ ஆறு மாதத்துக்கு மேல் கொழும்புக்கு வெளியே ஒரு வீட்டு மாடியில், அவளைப் போல இன்னும் இரண்டு பேரோடு இருந்திருக்கிறாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, வெளியே போகத்தான் அனுமதியில்லை. ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், பிரதி கொடுக்கவில்லை. பேசிய தொகை, மாதம் 25 நாள் தவறாமல் பேர் விழுந்தால் ஐந்து வருடக் கொழுந்துக்குச் சமம். கைக்கு வந்தது அதில் பாதியும் இல்லை. மிச்சம் சாப்பாடு, தங்கல், ஏஜென்ட் பங்கு என்று கழிந்துவிட்டது.

எனக்குத் திக்கென்றது வேறொன்றில். பிரசவத்துக்கு அவளை ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தது அவளுடைய பெயரில் இல்லை. பிள்ளையைக் கேட்டிருந்த அம்மாவின் அடையாள அட்டையிலாம்.

இதை ஒரு மோசடி என்று வக்கீல் பார்ப்பார். மருத்துவிச்சி பார்ப்பது வேறு. வாட்டுக்கு வரும் தாயின் அட்டையில் அவளுடைய முழுக் கதையும் இருக்கும். இரத்த வகை, முந்தின பிரசவம், ஒவ்வாத மருந்து, பிரசர், சீனி. இவள் உடம்போடு அங்கே போனது இன்னொருத்தியின் கதை. இரத்தம் ஏற்றுமுன் ஒத்துப்பார்ப்பார்கள் என்பதால் ஒரு ஆபத்து தப்பும். மற்றவை? அதோடு முடிவதும் இல்லை. துண்டு வெட்டும்போது கொடுக்கும் நோய்நிர்ணய அட்டையும் அடுத்தவள் பெயரில்தான் இருக்கும். நாளைக்கு இவள் தன் புருஷனுக்கு இரண்டாவது பிள்ளையைச் சுமந்தால், கருப்பையில் வெட்டுத் தழும்பு இருக்கிறது என்பதற்கு இவள் கையில் ஒரு கடதாசியும் இல்லை. எந்த இடத்தில் வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள் என்று தெரியாமல் அடுத்த பிரசவத்தைத் திட்டமிடுவது எங்களுக்குப் பெரிய தலைவலி. தழும்பு வலியில் விட்டுக்கொண்டால் தாயும் பிள்ளையும் நிமிடக்கணக்கில் போய்விடுவார்கள்.

பிரசர் ஏறியதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தன் முட்டையில் உருவாகாத கருவைச் சுமக்கும் உடம்பு கூடுதலாகத் திணறும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்துப் பிரசவங்களை வைத்து 2024-ல் வெளிவந்த ஆய்வு, வாடகைத் தாய்மாருக்குக் கடுமையான பிரசவச் சிக்கல்கள் இயல்பாகக் கருத்தரித்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்ததாகச் சொன்னது. அங்கே காப்புறுதியும் கண்காணிப்பும் உண்டு. இங்கே அந்தச் சிக்கல் பஸ் ஏறி லயத்துக்கு வருகிறது.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். முதலில் வைத்தியம், மற்றது பிறகு என்றார். அவளுடைய சொந்தப் பெயரில் வாட்டில் சேர்த்தோம். பிரசர் குறைந்தது, தையலில் இருந்த கிருமி மருந்துக்கு அடங்கியது. பாலை நிறுத்த வைத்தியர் குளிசை கொடுத்தார். மாமியார் தன் பங்குக்கு மல்லிகைப் பூவைச் சரம் சரமாக மாரில் வைத்துக் கட்டினார். அதை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கவில்லை. மல்லிகைப் பூவைப் பால் நிறுத்தும் மருந்தோடு ஒப்பிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எண்பதுகளிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள், பூ நன்றாகவே வேலை செய்திருக்கிறது. லயத்தில் அதுவரை செத்த பிள்ளை பெற்றவளுக்குத்தான் பூக் கட்டுவார்கள். உயிரோடு பெற்றவளுக்குக் கட்டிப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு நடந்த நடையில் இன்னொன்று புரிந்தது. பேறுகால வருகைக்கென்று நான் நிரப்புகிற கட்டங்களில் பாதிக்கு மேல் தாயையும் பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கின்றன. பால் கொடுக்கிறாளா, தொப்புள் காய்ந்ததா, எடை ஏறுகிறதா? பிள்ளை இறந்தால் எழுதுவதற்கும் வழி இருக்கிறது. பிள்ளை உயிரோடு வேறு வீட்டில் வளரும்போது, பெற்றவள் மட்டும் இங்கே பேறுகாலத்தில் கிடந்தால் எழுத இடமில்லை. எச் 526-ல் அவள் பக்கத்தில் ‘பிரசவம், சீசர்’ என்று எழுதி, தழும்பு உண்டு என்று சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். பிள்ளைக்குரிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். அவளுடைய அடுத்த பிரசவத்துக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

பிரசவச் சகாயம் கேட்கலாமே என்று பிறகு ஒருவர் சொன்னார். 2018 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை உயிரோடு பிறந்தால் எத்தனையாவது பிரசவத்துக்கும் 84 நாள் உண்டு. பெற்றதுதான் கணக்கு, பிள்ளையை வைத்திருக்கிறாளா என்பது கணக்கில்லை. ஆனால் மாதக்கணக்காகச் செக்ரோலில் பேர் விழாதவள் என்னத்தைக் கேட்பது? ஆறு வாரம் முடியுமுன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். லயத்தில் ‘புள்ளய வித்தவ’ என்ற பேச்சு அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

பெற்றவள் யார் என்பதில் எங்கள் நாட்டுச் சட்டத்துக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 1951-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெற்றவளைத் தாயென்று பதிகிறது. அவள் கல்யாணமானவள் என்றால், சாட்சிகள் கட்டளைச் சட்டத்தின் 112-ம் பிரிவுப்படி அவள் புருஷனைத் தகப்பன் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கரு யாருடையது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க முடியாது. ஆகவே நேர்மையாக நடக்க நினைக்கும் தம்பதிக்கும் ஒரே வழி, தங்கள் சொந்தக் கருவில் பிறந்த பிள்ளையை 1941-ம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போய்த் தத்தெடுப்பது. அதில் காசுப் பேச்சு வந்தால் ஆணை கிடைக்காது. அந்த வழி நீளம் என்பதால்தான் அடையாள அட்டையை மாற்றுகிறார்கள். கருவில் குறை கண்டால் கலைக்கவேண்டும் என்றும் அவளுடைய ஒப்பந்தத்தில் இருந்ததாம். தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது இந்நாட்டில் குற்றம். குற்றம் செய்யச் சொல்லும் ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஏஜென்டைப் பொலிஸில் காட்டிக்கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் வைத்திய அதிகாரியும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். காட்டிக்கொடுத்தால் அவனைத் தேடுவார்கள், கிடைப்பானோ தெரியாது. கையில் உடனே கிடைப்பவள் அவள்தான், வேறொருத்தியின் அட்டையில் பிரசவித்தவள். முறைப்பாடு செய்வதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டோம். வேண்டாம் என்றாள். அந்தப் பயம் வீணானது இல்லை என்பதைக் கம்போடியா பிறகு காட்டியது. வாடகைத் தாய் முறையை 2016-ல் தடை செய்த நாடு அது. 2024 செப்டம்பரில் அங்கே பிடிபட்ட பிலிப்பைன்ஸ் பெண்களில் கர்ப்பமாயிருந்த 13 பேருக்கு அந்த டிசம்பரில் சிறைத்தண்டனை விதித்தார்கள். மன்னர் மன்னித்ததால் ஊர் திரும்பினார்கள். பிள்ளைக்குக் காசு கட்டிய வெளிநாட்டார் கூண்டில் ஏறியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

இந்தியாவைப் பார்த்துச் சட்டம் போட்டால் என்ன என்பார்கள். 2022 ஒக்டோபரில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளைகள் என்ற செய்தி வந்தபோது எங்கள் லயங்களிலும் இதே பேச்சுத்தான். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை விசாரித்தது. ஒப்பந்தம் 2021 நவம்பரில் போடப்பட்டது, தம்பதி விதிகளை மீறவில்லை, பதிவுகளைச் சரியாகப் பேணாத வைத்தியசாலையின் மீதுதான் குறை என்று அறிக்கை சொன்னது. நடிகையைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்கள். சுமந்து பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவர் கேட்டு நான் கேட்கவில்லை.

2022 ஜனவரி 25-ல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டத்தில் மருத்துவிச்சிக்குப் பிடித்த விஷயங்கள் உண்டு. சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவளாக இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான் சுமக்கலாம். அவளுக்கு 36 மாதக் காப்புறுதி கட்டாயம். கருவை வைக்குமுன் எந்த நேரமும் அவள் மனம் மாறலாம். கலைக்கச் சொல்லி அவளை வற்புறுத்தக்கூடாது. மறுபக்கம், பிள்ளை யாருக்கு என்ற ஆணையைக் கருவை வைக்குமுன்பே மாஜிஸ்திரேட்டிடம் வாங்கிவிடுகிறார்கள். பிள்ளை பெறுமுன் ஒரு பெண் சொல்வதை, பெற்றபின் அவள் சொல்லப்போவதாக எடுத்துக்கொள்கிறது சட்டம். எத்தனையோ பேறுகாலத்தைப் பார்த்த எனக்கு அது ஒப்பவில்லை.

காசே கூடாது, வைத்தியச் செலவும் காப்புறுதியும் மட்டும்தான் என்பது அந்தச் சட்டத்தின் இன்னொரு தூண். கேட்க நன்றாயிருக்கும். வைத்தியருக்குக் காசு, ஆய்வுகூடத்துக்குக் காசு, வக்கீலுக்குக் காசு. சுமப்பவள் மட்டும் புண்ணியத்துக்குச் சுமக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கப்பிள்ளை வீட்டில் இது பேச்சுக்கு வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு முதல் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் கருப்பையை எடுத்துவிட்டார்கள், பிள்ளையும் தங்கவில்லை. அந்தப் பெண் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாள். மலடி என்ற சொல்லை எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருப்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவளுடைய ஆசையை வியாபாரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. குடும்பம் கண் வைத்தது புருஷனின் தங்கச்சி மேல். அண்ணன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், வாய் திறந்து மறுக்கமாட்டாள். ‘நான் சொமந்து குடுக்கறேன் மிஸ்’ என்று என்னிடம் வந்து சொன்னபோது அவள் கண் தரையில் இருந்தது. தனியாக உட்காரவைத்து, மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டேன். ‘அது எப்படி மிஸ் மறுக்கறது?’ என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. கண்டி நீதிமன்றத்தில் முறையாக ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். தரகனுடைய காசு செய்கிற வேலையைச் சொந்தத்தின் கடமையும் செய்யும். காசை மட்டும் தடுத்துவிட்டால் சுமப்பவள் சுதந்திரமாகிவிடுவாள் என்பது லயத்துக் குடும்பத்தைப் பார்க்காதவர்கள் எழுதிய நம்பிக்கை.

தடை போட்டால் வியாபாரம் நிற்குமா என்பதற்கும் இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் கருமுட்டையைப் பெற்ற தாயே திரும்பத் திரும்ப விற்ற வழக்கு வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை. 2025-ல் ஹைதராபாத்தில், வாடகைத் தாயில் பிறந்த உங்கள் பிள்ளை என்று சொல்லி இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஏழைத் தம்பதியிடம் விலைக்கு வாங்கிய பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள். மரபணுச் சோதனையில்தான் குட்டு உடைந்தது. எங்கள் எண்பதுகளின் பண்ணை, ஈரோட்டு ஆதார், கொழும்புக்குப் போய்வந்தவள் காட்டிய அடையாள அட்டை எல்லாவற்றிலும் திருட்டு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. பெற்றவளின் பெயரைக் கடதாசியிலிருந்து அழித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பிரிட்டன் இதில் எங்கள் தொழிலுக்குக் கிட்ட நிற்கிறது. தரகு வியாபாரத்தை 1985-லேயே குற்றமாக்கியது. சுமந்து பெற்றவள்தான் முதலில் தாய். பிள்ளையைக் கேட்ட தம்பதியை நீதிமன்றம் பெற்றோராக்கலாம், அதற்குப் பெற்றவளின் சம்மதம் வேண்டும். பிள்ளை பிறந்து ஆறு வாரம் ஆகுமுன் அவள் கொடுக்கும் சம்மதம் செல்லாது. 2008-ம் ஆண்டுச் சட்டத்தில் இதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம். நாற்பத்திரண்டு நாள், என்னுடைய கடைசி வீட்டு நடையின் கணக்கு அது. அந்த நாளுக்கு முன்னால் தூக்கமில்லாத, பால் கட்டிய, தையல் வலிக்கிற பெண்ணிடம் வாழ்நாளுக்கு உரிய முடிவு எதையும் எழுதி வாங்கக்கூடாது என்பது எந்த மருத்துவிச்சிக்கும் தெரியும்.

இலங்கையில் ஒருநாள் சட்டம் வரும். வரும்போது மேசையில் வக்கீல்மாரும் வைத்தியர்மாரும் இருப்பார்கள். எங்களுக்கு ஒரு கதிரை கிடைக்காவிட்டாலும் இவ்வளவையாவது கேட்கவேண்டும். கரு யாருடையதாக இருந்தாலும் எச் 512 அட்டை சுமப்பவளின் பெயரில், அவள் ஊர் மருத்துவிச்சியின் கையால் போடப்படவேண்டும். ஒப்பந்தம் அவள் வாசிக்கும் மொழியில் இருக்கவேண்டும், பிரதி அவள் கையில் இருக்கவேண்டும். கருவை வைக்குமுன் குடும்பத்தார், தரகர், தம்பதி யாரும் இல்லாத அறையில் அவளிடம் கேட்கவேண்டும். பிறப்புப் பதிவில் பெற்றவளின் பெயர் எங்காவது இருக்கவேண்டும், பிள்ளை வளர்ந்து கேட்டால் பார்க்கக் கிடைக்கவேண்டும். பிள்ளையை ஒப்படைக்கும் இறுதிக் கையெழுத்து நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு. அதுவரை அவளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு, அதன் பிறகும் வருடக்கணக்கில் வைத்தியம். தண்டனை ஆள் பிடித்தவனுக்கும் அட்டையை மாற்றியவர்களுக்கும், சுமந்தவளுக்கு இல்லை.

காசு கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதில்லை. 2024-ல் நாட்சம்பளம் 1,350 ஆன பிறகும் சந்தியில் ஏஜென்ட் நிற்கிறான். அவனிடம் போகாமல் இருக்க முடிந்தவள் போனால் அதைச் சம்மதம் என்பேன். எல்லோரும் போகிற லயத்தில், போனவளின் கையெழுத்தைத் தூக்கிக் காட்டுபவரோடு எனக்குப் பேச்சில்லை.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களோடு சிங்களத்திலேயே பேசுகிறேன். கொழும்பிலிருந்து திடீரென்று திரும்பிய பெண்ணின் காம்பராவுக்குள் நுழையும்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை எங்கே என்று முதலில் கேட்காதே. பிரசரைப் பார், தையலைப் பார், மாரைப் பார், இரவில் தூங்குகிறாளா என்று கேள். அவள் பக்கத்தில் அவளுடைய சொந்தப் பெயரில் பிரசவத்தை எழுது, தழும்பை எழுது. பிறகு நாற்பத்திரண்டு நாளும் போய்ப் பார். யாருக்காகச் சுமந்தாள் என்பது நீதிமன்றத்தின் வேலை. பெற்றிருக்கிறாள் என்பது உன்னுடைய வேலை.